அடுப்புக்கு நேரே ஒரு விளக்கு

இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் தவறாமல் காணும் காட்சி ஒன்றுண்டு. கூடத்தில் தீர்த்தம் தெளிப்போம், படுக்கையறையில் தெளிப்போம், திண்ணையிலும் தெளிப்போம். சமையலறையை நெருங்கும்போது மட்டும் இல்லத்தரசி நமக்கு முன்னே விரைந்து சென்று, வாயிலை மறைத்து நின்றுகொண்டு, "அங்கே வேண்டாம் சாமி, ஒரே கரியாகக் கிடக்கிறது" என்பார். நாமும் வாயிற்படியில் நின்றவாறே இரண்டு துளி தெளித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும், அந்தக் கரி எங்கிருந்து வந்தது, அதனுள் நாள்தோறும் நிற்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அதை எண்ணிப் பார்க்க வைத்த ஒரு நிகழ்ச்சியையும், அதன்பின் நம் கையாலேயே செய்த சில வேலைகளையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில் இளந்தம்பதியர் இருவர் நெமிலிக் குருமனைக்கு நம்மைக் காண வந்தனர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் காலணித் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குவதை நீங்கள் அறிவீர்கள். இந்தப் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, இராணிப்பேட்டையிலுள்ள ஷூ கம்பெனியின் பேருந்தைப் பிடிப்பவர். அவர்களது வீட்டுச் சமையலறை மாமியார் காலத்தது. அதை இடித்துவிட்டு 'மாடுலர் கிச்சன்' அமைக்க ஒரு நிறுவனம் ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கேட்டிருந்தது. நகைகளை அடகு வைக்கலாமா என்று ஆலோசனை கேட்கவே இருவரும் வந்திருந்தனர்.

கணவர் பேச, மனைவி நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கம்பெனியிலே என் தையல் மிஷினுக்கு நேரே ஒரு விளக்கு இருக்கிறது சாமி. வீட்டிலே அடுப்புக்கு நேரே இருட்டுதான்."

அவ்வார்த்தை நம் செவியில் விழுந்தது, உள்ளத்தில் விழவில்லை. தவக்காலமாயிற்றே! எளிமையைப் பற்றியும், அண்டை வீட்டாரைப் பார்த்து ஆசைப்படுவதன் தீமையைப் பற்றியும், கரிபிடித்த சமையலறையிலிருந்தே நம் அன்னையர் அமுது படைத்த பெருமையைப் பற்றியும் கால் மணி நேரம் உபதேசம் செய்தோம். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து சென்றனர். கடன் வாங்க வேண்டாம் என்று நாம் சொன்னது தவறன்று. ஆனால், அந்தப் பெண் கேட்டது ஆடம்பரத்தையன்று, வெளிச்சத்தை என்பது நமக்கு விளங்கவேயில்லை.

மறுநாள் முற்பகலில் குருமனையின் குசினியிலிருந்து பாத்திரம் விழும் ஓசை கேட்டது. ஓடிச் சென்று பார்த்தோம். பல ஆண்டுகளாக அங்கே சமைத்துவரும் அறுபது வயது அம்மா, இடக்கை விரலை முந்தானையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். இரத்தம் சொட்டியது. "ஒன்றுமில்லை சாமி, வெங்காயம் அரியும்போது கத்தி வழுக்கிவிட்டது" என்றார். காயத்துக்குக் கட்டுப் போட்டபின், அவர் நின்ற இடத்தில் நாம் போய் நின்றோம். நெமிலிக்கு வந்து மூன்றாண்டுகளில் அந்த இடத்தில் நாம் நின்றது அதுவே முதன்முறை.

குசினியின் ஒரே மின்விளக்கு நமது முதுகுக்குப் பின்னால், கதவருகே தொங்கியது. ஆகவே நமது நிழல், காய் அரியும் பலகையின் மேலேயே விழுந்தது. எதிரே ஒரு சன்னல் இருந்தது. அதன் குறுக்கே பழைய பலகையும் அரிசிச் சாக்குகளும் அடுக்கப்பட்டிருந்தன. சுவரெங்கும் கரி, மூலையில் வெந்நீருக்கும் திருவிழாச் சமையலுக்குமான விறகடுப்பு. உயர்ந்த மேடையின் மேல் எரிவாயு அடுப்பு. குள்ளமான அந்த அம்மாவுக்குக் குழம்புச் சட்டியின் விளிம்பு தோளளவில் நிற்கும். உட்கார ஓர் இடமில்லை. குடிக்கவும் சமைக்கவுமான தண்ணீர் புறக்கடைத் தாழ்வாரத்தில். இத்தனைக்கும் நடுவிலிருந்துதான் மூன்று வேளையும் நமக்குச் சூடான உணவு வந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் நாம் செய்த உபதேசம் நினைவுக்கு வந்தபோது, நமக்கே நாணமாக இருந்தது.

சமையலறை ஒரு தொழிற்கூடம்; அங்கே வேலை செய்பவருக்குத் தொழிலாளிக்குரிய வசதி வேண்டும் என்பது புதிய கருத்தன்று. செருமனி நாட்டின் பிராங்க்பர்ட் நகரில் 1926-ஆம் ஆண்டு, உழைக்கும் மக்களுக்கான குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் சிறு சமையலறை ஒன்றை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவே. இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமையற்காரர் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எட்டி எடுப்பதை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்கிட்டு அமைத்தார். சன்னலையொட்டி வேலைப்பலகை, உட்கார்ந்து வேலை செய்ய உயரம் மாற்றக்கூடிய முக்காலி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தக்கூடிய விளக்கு, பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் ஆகியவை அதில் இருந்தன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அச்சமையலறை அமைக்கப்பட்டது. அதை வடிவமைக்கும்வரை தமக்குச் சமைத்துப் பழக்கமில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அடுப்பூதி அறியாத நமக்கு அது சற்று ஆறுதலாயிருந்தது.

ஆயினும் நாம் திட்டம் தீட்டுமுன் அந்த அம்மாவைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இதற்கும் ஒரு காரணம் உண்டு. புகையில்லா அடுப்பின் வரலாறு நம் நாட்டில் நீண்டது. ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. ராஜு, புகைக்குழாயுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்து, அதைப்பற்றி எழுதிய ஆங்கில நூலைச் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953-இல் வெளியிட்டது. பின்னர், 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அத்திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பல விரைவிலேயே கைவிடப்பட்டன. குழாய் அடைத்துக்கொண்டது, அடுப்பு வாய்க்கு அவர்களது பாத்திரம் பொருந்தவில்லை, பழுது பார்க்க ஆளில்லை. சமைப்பவரைக் கேளாமல் சமையலறையைத் திருத்தினால் இதுவே முடிவு.

எனவே கேட்டோம். "உங்களுக்கு இங்கே என்ன வேண்டும் அம்மா?" முதலில் அவர் சிரித்தார், "எனக்கென்ன சாமி வேண்டும்" என்றார். வற்புறுத்திய பின்னரே ஒவ்வொன்றாகச் சொன்னார். சன்னல் திறக்க வேண்டும். அடுப்பு தாழ வேண்டும். தண்ணீர் உள்ளே வரவேண்டும். வெங்காயம் உரிக்க உட்கார இடம் வேண்டும். "அம்மியைத் தூக்கிவிடலாமா?" என்று கேட்டோம். "அது இருக்கட்டும் சாமி, வழியிலே கிடக்காமல் ஓரமாக இருந்தால் போதும்" என்றார். பளபளக்கும் பொருள் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

பங்கு இளைஞர்கள் நால்வரும், ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவரும், நாமுமாக இரண்டு சனிக்கிழமைகளில் வேலையை முடித்தோம். உங்கள் இல்லத்திலும் செய்யத்தக்கவை என்பதால், செய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதல் வேலை காலி செய்தல். பரணிலும் அலமாரியிலும் இருந்தவற்றை முற்றத்தில் பரப்பியபோது, உடைந்த மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டும், மூடியில்லாத பாத்திரங்கள் பதினொன்றும் வெளிவந்தன. பாதிப் பொருள்கள் திரும்பி உள்ளே செல்லவில்லை. அறை ஒரு காசும் செலவின்றிப் பெரிதாயிற்று.

அடுத்தது சுவர். எண்ணெயும் புகையும் கலந்த கரியின் மேல் நேரே வெள்ளையடித்தால் சுண்ணாம்பு பிடிக்காது. பிடித்தாலும் பழுப்பு நிறம் மேலே கசிந்துவரும். ஆகவே முதலில் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவினோம். சுண்ணாம்பை முந்தைய நாளே நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, உதிராமலிருக்க வஜ்ஜிரமும் வெண்மைக்குச் சிறிது நீலமும் சேர்த்தோம். வஜ்ஜிரம் தோலின் கழிவிலிருந்து காய்ச்சப்படும் பசை என்பது தோல் தொழில் வட்டாரத்தாராகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவரை நனைத்தபின், ஒரே தடவை தடிப்பாக அடிக்காமல், மெல்லியதாக மூன்று தடவை அடித்தோம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சியே சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்போல் இறுகுகிறது. அதற்கு அவகாசம் தரவேண்டும். ஏற்கெனவே எண்ணெய் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு நிற்காது என்பதையும் நினைவிற்கொள்க. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெருங்கேடு. கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது வெளிச்சம். சன்னலை மறைத்த பலகையை அகற்றினோம். கூரையில் நான்கு சீமை ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளைப் பொருத்தினோம். பகல் முழுவதும் விளக்கே தேவையில்லை. மாலைக்கென, குழல் விளக்கொன்றை மேடைக்கு நேர் மேலே, நிற்பவரின் முகத்துக்கு முன்புறமாக அமைத்தோம். மற்றொன்றை அறை நடுவில் மாட்டினோம். மின்கம்பி வேலையை மட்டும் நாம் தொடவில்லை. அதற்கு மின் பணியாளரை அழைத்தோம். தன் கையே தனக்குதவி என்பதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

நான்காவது காற்று. புகையை வெளியேற்றும் விசிறியை அடுப்புக்கு அருகே, சுவரின் உச்சியில் பொருத்தினோம். புதிய காற்று எதிர்ப்புறச் சன்னல் வழியே வரவேண்டும். சன்னல் விசிறியின் பக்கத்திலேயே இருந்தால், வந்த காற்றே வெளியேறும், புகை உள்ளேயே நிற்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். ஆகையால் தரையை ஒட்டியும் சுவரில் ஒரு துளை விட்டோம். உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரப்பர்க் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். வாயு நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். விறகடுப்பைக் குசினியிலிருந்தே அகற்றிப் புறக்கடையில் திறந்த சார்ப்பின் கீழ் வைத்தோம்.

ஐந்தாவது உயரம். வேலைப்பலகை முழங்கையைவிட நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தால் தோள் வலிக்காது. அந்த அம்மாவை நிற்கச் சொல்லி நூல் பிடித்து அளந்தோம். மேடையை இடிக்கவில்லை, அதன் பக்கத்திலேயே செங்கல்லால் இரு கால்கள் எழுப்பி, கோவில் வளாகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கடப்பைக் கல்லை அதன்மேல் அமர்த்தி, அடுப்பை அங்கே இறக்கினோம், உருளையைவிட அடுப்பு உயரத்திலேயே இருக்குமாறும் பார்த்துக்கொண்டோம். கடப்பைக் கல் சுண்ணக்கல் வகையைச் சேர்ந்தது. புளியும் எலுமிச்சையும் பட்டால் வெண்தழும்பு விழும். உடனே துடைத்துவிட்டு, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தடவினால் கருமை மங்காது.

இறுதியாக ஒழுங்கு. அலமாரிக் கதவுகளை உப்புத்தாளால் தேய்த்து இளம்பச்சை வர்ணம் பூசினோம். தண்ணீர்த் தொட்டி உள்ளே வந்தது. நாள்தோறும் எடுப்பவை கைக்கெட்டும் உயரத்திலும், மாதமொரு முறை எடுப்பவை பரணிலும் வைக்கப்பட்டன. சிறுவர்கள் பழைய டப்பாக்களில் பருப்பு, மிளகு, சீரகம் என்று பெயர் எழுதி ஒட்டினர். அம்மி சன்னலோரம் சென்றது. அதன் அருகே ஒரு முக்காலி போடப்பட்டது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்பு முதலியவை ரூ. 1,180, கண்ணாடி ஓடுகள் ரூ. 1,200, விசிறி ரூ. 1,900, விளக்குகளும் மின் பணியாளர் கூலியும் ரூ. 2,250, செங்கல், சிமெண்டு ரூ. 1,350, பலகை, கீல், வர்ணம் ரூ. 1,600, முக்காலி ரூ. 650. ஆக மொத்தம் ரூ. 10,130.

வேலை முடிந்த மாலையில் நாம் அந்தத் தம்பதியரின் வீட்டுக்குச் சென்றோம். இம்முறை வாயிற்படியில் நிற்கவில்லை; "அடுப்படியைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்றோம். "ஐயோ, வேண்டாம் சாமி" என்றார் அப்பெண். "அன்று நீ சொன்னதை நாம் சரியாகக் கேட்கவில்லை அம்மா, அதற்காகத்தான் வந்தோம்" என்றோம். அவர் ஒதுங்கி வழிவிட்டார். அங்கும் அதே கதைதான்: முதுகுக்குப் பின்னால் விளக்கு, மூடிய சன்னல். கணவரை அழைத்து, மனைவி நிற்கும் இடத்தில் நிற்கச் சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. "இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே சாமி" என்றார். "எமக்கும் தெரியவில்லை தம்பி" என்றோம்.

நகைகள் அடகுக் கடைக்குப் போகவில்லை. குருமனை ஏணியும் இளைஞர்களும் அவ்வீட்டுக்குச் சென்றனர். எல்லாம் முடிந்தபின், பளபளக்கும் சிவப்புக் கதவுகள் கொண்ட அலமாரி ஒன்றை அப்பெண் தம் சம்பளத்தில் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார். அது தேவையா என்று நாம் கேட்கவில்லை. தாம் நிற்கும் இடம் சற்று அழகாயிருக்க வேண்டும் என விரும்புவது குற்றமாகுமா?

இதோடு முடித்துவிடலாம். ஆனால் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. நமது குசினி அம்மாவின் விரற்காயம் ஆறிவிட்டது, இருமல் ஆறவில்லை. நாம் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பல்லாண்டுகள் விறகுப்புகையைச் சுவாசித்ததால் நுரையீரல் தளர்ந்துவிட்டது என்றும், இனி உறிஞ்சு மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் கூறினார். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிடுகிறது. சென்னைப் போரூர் ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் நம் தமிழகத்துச் சிற்றூர்ச் சமையலறைகளிலேயே காற்றை அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, விறகடுப்புப் புகை சமைப்பவரை மட்டுமன்றி வீட்டிலிருக்கும் மற்றவரையும் எட்டுவதைக் காட்டியது. இவையெல்லாம் நாம் அறியக்கூடிய செய்திகளாகவே இருந்தன. நாம் உணவு மேசையில் அமர்ந்திருந்தோம். அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டுமிருந்தோம்.

"முன்பே செய்திருக்க வேண்டும் அம்மா" என்று ஒருநாள் சொன்னோம். முக்காலியில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "இப்போதாவது செய்தீர்களே சாமி, விளக்கு நன்றாயிருக்கிறது" என்றார். அவர் நம்மைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல் அது என்பதை அறிவோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் பழைய சமையலறை இருக்குமாயின், அதைப் புதுப்பிக்கக் கடன் வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் சமைக்காதவர் எவரோ அவர், வரும் சனிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில் அடுப்பின் முன் அரை மணி நேரம் நின்று, ஒரு குழம்பாவது வைத்துப் பார்க்கட்டும். தம் நிழல் எங்கே விழுகிறது, புகை எங்கே போகிறது, கை எதுவரை எட்டுகிறது என்று பார்க்கட்டும். பிறகு, நாள்தோறும் அங்கே நிற்பவரை அழைத்து, "உனக்கு இங்கே என்ன வேண்டும்?" என்று கேட்கட்டும். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் முதலில் பதில் வரும். மறுபடியும் கேளுங்கள்.